புறாமலைக்குப் போக ஒரு திட்டம்: சுழியோடிகளின் கடலைப் பற்றிக் கொஞ்சம்

கரீபியன் கடலில் சபா எண்டு ஒரு தீவு இருக்கு. மொத்தமே 13 சதுர கிலோமீற்றர். கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் அப்படி இரண்டு தீவை வைத்தாலும் இடம் மிஞ்சும். கடலுக்குள் இருந்து நேராக எழும்பி நிற்கிற எரிமலை அது, உச்சி 870 மீற்றருக்கு மேல். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர்தான் அங்கே இருக்கினம். 1987ல், தீவைச் சுற்றியிருக்கிற கடல் முழுவதையும் 60 மீற்றர் ஆழம் வரைக்கும் பாதுகாக்கப்பட்ட பூங்கா ஆக்கிவிட்டார்கள். சுழியோட வருகிறவர்கள் கட்டுகிற கட்டணத்தில்தான் அந்தப் பூங்கா பெரும்பாலும் ஓடுகிறது.

எங்கட குழுவில் ஒருத்தர் சபாவின் வீடியோ ஒன்றைப் போட்டார். "போவமா?" எண்டு வெள்ளவத்தையில் இருந்து ஒரு கேள்வி. "டிக்கெட் காசு யாரு குடுப்பான்னு சொல்லு, போகலாம்" எண்டு கொட்டாஞ்சேனையில் இருந்து பதில். அதோடு சபா முடிந்தது. (எங்கள் குழுவில் பாதிப் பேர் 'எண்டு', பாதிப் பேர் 'ன்னு'. இந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்தது வெள்ளவத்தை. கொட்டாஞ்சேனை பொறுத்துக்கொள்ளவும்.)

ஆனால் கேள்வி முடியவில்லை. எரிமலைத் தீவு வேண்டாம், இங்கேயே பாதுகாக்கப்பட்ட தீவு ஒன்று இருக்குத்தானே? நிலாவெளிக் கரையில் இருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். ஆங்கிலத்தில் பிஜன் ஐலண்ட், பத்திரிகையில் புறாத்தீவு, ஊர்ச்சனத்துக்குப் புறாமலை. எரிமலை இல்லை, இலங்கையின் பெரும்பகுதியைப் போல மிகப் பழைய பாறை. கோட்டையில் இரவு ரயில் ஏறினால் கல்லோயா சந்தி தாண்டி விடியத் திருகோணமலை. அங்கிருந்து பஸ்ஸில் நிலாவெளி. பாஸ்போர்ட் தேவையில்லை.

திட்டம் போடத் தொடங்கினால் முதலில் வருகிற விசயம் காற்று. இலங்கையில் வருசம் முழுக்கக் கடலின் ஏதோ ஒரு பக்கம் திறந்திருக்கும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை கிழக்கு அமைதி, மேற்குக் கொந்தளிப்பு. நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை மறுவளம். ஆகவே கொழும்புப் பக்கம் இறங்க வேண்டுமென்றால் வருசக் கடைசியில். இங்கேயும் கீழே பார்க்க நிறைய இருக்கு. முதலாம் உலகப் போரில் 'வுல்ஃப்' எண்ட ஜேர்மன் கப்பல் ஒன்று இரகசியமாக வந்து கொழும்புக்கு வெளியே கண்ணிவெடிகளைப் போட்டுவிட்டுப் போனது. 1917 பெப்ரவரியில் 'வூஸ்டர்ஷெயர்', 'பேர்சியஸ்' எண்ட இரண்டு கப்பல்கள் அடுத்தடுத்து அதில் மோதி மூழ்கின. இரண்டும் இன்னும் கீழேதான் கிடக்கின்றன. கொட்டாஞ்சேனை மேட்டில் இருந்து துறைமுகக் கிரேன்களைப் பார்க்கிறவர்கள் 2021ல் எக்ஸ்பிரஸ் பேர்ள் எரிந்த புகையையும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்தக் கப்பல்கள் ஆழத்தில் கிடப்பவை, பழகாதவர்களுக்கு உரியவை அல்ல. மட்டக்களப்புக்கு வெளியே 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பலும் அப்படித்தான், 50 மீற்றருக்கும் கீழே. எங்களைப் போன்ற புதியவர்கள் பயிற்றுநர் கையைப் பிடித்துக்கொண்டு 12 மீற்றர் வரை போகலாம். முதல் சான்றிதழ் எடுத்தால் 18 மீற்றர். அதற்குப் புறாமலை போதும்.

பயிற்சிக் கையேட்டைத் திறந்தால் முதல் விதி இது: மூச்சை ஒருபோதும் அடக்காதே. அழுத்தக் காற்றை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு மேலே வந்தால், காற்று விரிந்து நுரையீரல் கிழிந்துவிடும். ஆகவே விடாமல் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கவேணும். இதைப் படித்தபோதுதான் ஒரு விசயம் எங்களுக்கு உறைத்தது. இதே கடலில் இரண்டாயிரம் வருசமாக இறங்கின ஆட்களின் முழு வித்தையும் மூச்சை அடக்குவதுதான். 1943ல் பிரான்சில் கூஸ்தோவும் காஞானும் நீருக்கடியில் மூச்சு விடுகிற கருவியைச் செய்து முடிக்கும் வரைக்கும், இடுப்புக் கயிறும் ஒரு கல்லும்தான் உபகரணம். அந்த ஆட்களில் பெரும்பங்கு தமிழ் பேசினவர்கள். அப்படியிருக்க எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு நீந்தவே தெரியாது. மரைன் டிரைவில் பின்னேரம் நடக்கப் போவோம், தண்டவாளத்தைக் கடந்து கல்லில் இருந்து கதைப்போம், கால் நனைப்போம். அவ்வளவுதான். இது எப்படி நடந்தது?

பழைய கதையில் இருந்து வருவோம். கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ்' எண்ட வணிகக் கையேடு கொற்கை முத்தைப் பற்றிச் சொல்லும்போது, அதை எடுப்பவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் எண்டு ஒரு வரி சொல்லிப் போகிறது. மன்னார் வளைகுடாவின் முத்தைப் பற்றிக் கிடைக்கிற மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று இது. முத்து பாண்டியனுக்குப் பெருமை. கடலுக்குள் இறங்குகிறவனுக்கு அது தண்டனை. 1344ல் இபுன் பதூதா புத்தளம் பக்கம் வந்து ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தபோது, அரசருக்கு முன்னால் முத்துக்கள் குவிந்து கிடக்க, அதிகாரிகள் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்களாம். இங்கேயும் முத்தும் அரசரும் தெரிகிறார்கள், சுழியோடியைக் காணோம்.

பிறகு போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் எண்டு ஆள் மாறினாலும், முத்துப் படுக்கைகளின் சொந்தக்காரர் எப்பவும் கரையில்தான் நின்றார். முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெட்ரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காகவே அரிப்பில் கடலைப் பார்த்தபடி ஒரு மாளிகை கட்டினார். ஆங்கிலத்தில் அது 'டோரிக்', ஊருக்கு 'அல்லிராணி கோட்டை'. இப்போது அதுவும் துண்டு துண்டாகக் கடலுக்குள் விழுந்துகொண்டிருக்கிறது.

முத்துக்குளிப்பு எப்படி நடந்தது எண்டு விரிவாகச் சொல்லவேணும், ஏனென்றால் 'பாதுகாக்கப்பட்ட கடல்' எண்ட சொல் எங்களுக்கு ஏதோ புதுசு போலத் தெரிகிறது. அது புதுசே இல்லை. சிப்பிப் படுக்கைகளுக்கு அரசாங்கம் தனியாக ஒரு பரிசோதகரை வைத்திருந்தது. அவர் வருசா வருசம் போய்ச் சில சிப்பிகளை எடுத்துப் பார்ப்பார். முற்றவில்லை எண்டால் அந்த வருசம் கடல் பூட்டு. காவல் படகு நிற்கும், யாரும் இறங்கக் கூடாது. முற்றினால் அறிவித்தல் போகும். அதன் பிறகு, இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவில் கடல் சும்மா கிடக்கிற மார்ச், ஏப்ரலில், மரிச்சுக்கட்டியின் வெறும் மணலில் பல்லாயிரம் பேருடைய ஒரு நகரம் முளைக்கும். கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் எண்டு எல்லாத் திக்கிலும் இருந்து ஆட்கள். பாரசீக வளைகுடாவில் இருந்து அரபுச் சுழியோடிகள். நாட்டுக்கோட்டைச் செட்டிமார், பம்பாய் வியாபாரிகள். கடை, மருத்துவமனை, நீதிமன்றம், சிறை எல்லாம் ஓலைக் கொட்டில்களில். ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில் எல்லாம் கழன்று மறுபடியும் வெறும் மணல்.

சுழியோடிகள் சோடி சோடியாக வேலை செய்வார்கள். கயிற்றில் கட்டின கல்லில் காலை வைத்து ஒருவர் விறுவிறெண்டு கீழே போவார். நாலைந்து ஆள் ஆழத்தில் இருந்து எட்டொன்பது ஆள் ஆழம் வரைக்கும். அடியைத் தொட்டதும் கல்லை விட, மேலே இருப்பவர் இழுத்துவிடுவார். ஒரு நிமிசத்துக்குள் கைக்கு அகப்பட்ட சிப்பியை எல்லாம் வலைப்பைக்குள் அள்ளிப் போட்டுக் கயிற்றை அசைத்தால் ஆளையும் பையையும் இழுத்தெடுப்பார்கள். அவர் மூச்சு வாங்க, மற்றவர் இறங்குவார். மத்தியானம் வரைக்கும் இதுதான். கரைக்கு வந்ததும் சிப்பிகளைக் 'கொட்டு' எண்ட வேலியடைத்த இடத்துக்குச் சுமந்து போய் மூன்று குவியலாகப் போடவேணும். அதில் இரண்டு குவியல் அரசாங்கத்துக்கு, ஒன்று சுழியோடிகளுக்கு. 1906ல் அந்தக் கொட்டில் நின்று பிரம்போடு கூட்டத்தை ஒழுங்குபடுத்தின இளம் அதிகாரிகளில் ஒருவர் லெனார்ட் வுல்ஃப். பிற்காலத்தில் எழுத்தாளர் வேர்ஜினியா வுல்ஃபின் கணவர். தன் சுயசரிதையில் அந்த முகாமைப் பற்றி நல்லாகவே எழுதியிருக்கிறார். அழுகும் சிப்பியின் நாற்றம், ஈக்கள், ஓர் அரபுச் சுழியோடியின் சாவு, அவரைத் தூக்கிப் போன இரவு.

சுறாவுக்கு எல்லோருக்கும் பயம். அதற்கும் ஓர் ஆள் இருந்தார்: கடல்கட்டி. மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர். பரம்பரைத் தொழில். அவர் கரையில் நிற்காவிட்டால் ஒருத்தரும் இறங்க மாட்டார்கள். ஆகவே ஆங்கில அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்தது! 1840களில் இங்கே குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் அப்படி ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆள் கத்தோலிக்கர். டெனன்ட் போனபோது அவருக்குச் சுகமில்லை, அவருக்குப் பதிலாக வந்தவர், தனக்கு அந்த மந்திர இரகசியம் தெரியாவிட்டாலும் தான் வந்து நிற்பதையே சுறாக்கள் மதிக்கும் எண்டு சொன்னாராம். எங்களுக்கு அந்த மனிசரை நல்லாகப் பிடித்துவிட்டது. இன்றைக்குப் புறாமலைக்குப் போகிறவர்கள் படகுக்காரரிடம் முதலில் கேட்பது "சுறா பார்க்கலாமா?" எண்டுதான். முருகைக்கற்களுக்கு மேலே, ஆழமில்லாத தண்ணீரில் கருநுனிச் சுறாக்கள் சுற்றித் திரியும். கூச்ச சுபாவம், ஆளைக் கண்டால் விலகிவிடும். ஒரு காலத்தில் காசு கொடுத்து வாய் கட்டுவித்தோம், இப்போது காசு கொடுத்துப் பார்க்கப் போகிறோம்.

1905ல் நடந்த முத்துக்குளிப்பில் அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம். அந்தக் காலத்து 25 இலட்சம். அதைப் பார்த்து வாய் ஊறினதோ என்னவோ, அடுத்த வருசமே படுக்கைகளை லண்டன் கம்பனி ஒன்றுக்கு 20 வருசக் குத்தகைக்கு விட்டார்கள். இரண்டொரு வருசத்தில் சிப்பியைக் காணவில்லை. குத்தகைக் காலம் முடிய முன்னமே கம்பனியை இழுத்து மூடினார்கள். 1925க்குப் பிறகு பழைய மாதிரிப் பெரிய முத்துக்குளிப்பு ஒன்று மன்னாரில் நடக்கவேயில்லை. எங்கள் கண்ணில் பட்ட அந்தக் கால அறிக்கைகளில் சிப்பிகளுக்குக் கணக்கு இருக்கு, எந்தப் படுக்கையில் எத்தனை, ஆயிரம் சிப்பி என்ன விலை எண்டு அட்டவணை அட்டவணையாக. சுழியோடிகள் தொகையாக மட்டும் வருகிறார்கள், பெயர் இல்லை.

பெயரோடு வருகிற சுழியோடிகள் அதற்குப் பிறகுதான். 1954 டிசம்பரில், அவுஸ்திரேலியாவின் பெரிய முருகைத் திட்டுக்குப் போகிற வழியில், ஆர்தர் சி. கிளார்க்கின் கப்பல் அரை நாள் கொழும்பில் நின்றது. அன்றைக்கு அவர் சந்தித்தவர்களில் ஒருவர் ரொட்னி ஜொன்க்ளாஸ், தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் வேலை செய்த விலங்கியலாளர். எங்கட பக்கத்து ஊர்! ஈட்டியால் மீன் குத்துவதில் பேர்போனவர், இந்த நாட்டின் பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் முன்னோடி. இங்கத்தைய கடல் கிளார்க்குக்குப் பிடித்துப்போய்விட்டது. 1956ல் நண்பர் மைக் வில்சனோடு இங்கேயே குடிவந்து, 2008ல் இறக்கும் வரை கொழும்பில்தான் இருந்தார், பொரளையில்தான் அடக்கம். நீருக்குள் எடையில்லாமல் மிதப்பதுதான் விண்வெளிக்குப் பக்கத்தில் போகிற வழி எண்டு நம்பினவர். 1961ல் வில்சன் தென்கிழக்குக் கரைக்கு வெளியே கிரேட் பாசஸ் திட்டில், ஔரங்கசீப் காலத்துச் சூரத் வெள்ளி ரூபாய்கள் கட்டி கட்டியாகக் கிடந்த ஒரு கப்பலைக் கண்டுபிடித்தார். அடுத்த வருசம் 'ரன் முத்து தூவ' எண்ட சிங்களப் படத்தை இயக்கினார். முதல் முழுநீள வண்ணச் சிங்களப் படம், திருகோணமலைக் கடலுக்குள் எடுத்த காட்சிகளோடு.

எங்கட கதைக்கு முக்கியம் 1956 திருகோணமலை. சுவாமி மலைக்குக் கீழே, செங்குத்தான பாறையின் அடியில், கிளார்க்கும் வில்சனும் ஜொன்க்ளாசும் செதுக்கிய தூண்களையும் கற்களையும் கண்டார்கள். 1620களில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளின கோணேசர் கோயிலின் கற்கள். வில்சன் ஒரு லிங்கத்தையும் மேலே கொண்டுவந்தார். மறு வருசம் கிளார்க்கின் 'தப்ரபேனின் முருகைத் திட்டுகள்' எண்ட ஆங்கில நூல் வெளிவந்தது. பல இடங்களில் இதைக் 'கண்டுபிடிப்பு' எண்டுதான் எழுதுகிறார்கள். எங்களுக்கு அந்தச் சொல்லில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. கோயில் போன பிறகும் திருகோணமலைச் சனம் அந்தப் பாறை விளிம்பில் நின்று கடலுக்குப் பூசை செய்துகொண்டே இருந்தது. தேங்காயும் பூவும் பழமும் கீழே போட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த ஆங்கிலேயர் பலர் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கீழே என்ன கிடக்கிறது எண்டு அவர்களுக்குத் தெரியும். போய்ப் பார்க்கிற கருவிதான் இல்லை. கருவி வேறு யாரோ ஒருவரின் முதுகில் இருந்தது. அதற்காகக் கிளார்க்கை, வில்சனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர்கள் போய்ப் பார்த்திருக்காவிட்டால் படமும் இல்லை, பதிவும் இல்லை. வில்சனுடைய கதை அதற்குப் பிறகு இன்னும் விசித்திரமாகப் போனது. கமெராவையும் காற்றுச் சிலிண்டரையும் விட்டுவிட்டுச் சுவாமி சிவகல்கி எண்ட பெயரோடு கதிர்காமத்து முருகனடியாராகிவிட்டார்.

அந்த ஐம்பதுகள், அறுபதுகளில் கொழும்பில் சுழியோட்டம் ஒரு சின்ன வட்டத்தின் பொழுதுபோக்கு. ஆங்கிலம் பேசுகிற, கருவியை வெளிநாட்டில் இருந்து இறக்குவிக்க வசதியுள்ளவர்கள். மூச்சடக்கி முத்தெடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த வட்டத்தில் இருக்க வழியில்லை. அவர்களுக்குச் சங்கும் கடலட்டையும் மிச்சமிருந்தன. அது பொழுதுபோக்கு இல்லை, சோறு. இன்றைக்கும் வடக்கிலும் கிழக்கிலும் சிலிண்டர் கட்டி இறங்குகிற கடலட்டைச் சுழியோடிகள் இருக்கிறார்கள். நாங்கள் கையேட்டில் படித்த 'ஒரு நாளைக்கு இத்தனை தரம், இவ்வளவு ஆழம், இவ்வளவு நேரம், மேலே வர இவ்வளவு மெதுவாக' எண்ட கணக்கு எல்லாம் அந்த வேலையில் கட்டுப்படியாகாது. ஆழத்தில் இரத்தத்துக்குள் கரைந்த நைதரசன், அவசரமாக மேலே வந்தால் சோடாப் போத்தலைத் திறந்தது போலக் குமிழாகிவிடும். மூட்டு வலியில் தொடங்கி, இடுப்புக்குக் கீழே விளங்காமல் போகிற வரைக்கும் கொண்டுபோய்விடும். ஒரே கடல், ஒரே கருவி. எங்களுக்குப் பயிற்றுநர், மணிக்கூடு, காப்புறுதி. அவர்களுக்கு முதலாளியின் படகு. 2018ல் வடமராட்சி கிழக்கு மருதங்கேணியில், தென்பகுதியில் இருந்து வந்து கடலட்டை பிடித்தவர்களுக்கு எதிராக ஊரே போராடினதும் இந்தக் கதையில் ஒரு பகுதிதான். யாருக்கு இறங்க அனுமதி, யார் கையெழுத்துப் போட்ட அனுமதி எண்டதுதான் அங்கேயும் கேள்வி.

அதற்குள் எங்கள் பெற்றோரின் காலம் வந்து போனது. போர்க்காலத்தில் வடக்கு, கிழக்குக் கடல் தடை செய்யப்பட்ட கடல், அல்லது நேரம் குறித்துப் பாஸ் வாங்கிப் போகிற கடல். அங்கே வளர்ந்து கொழும்புக்கு வந்த அம்மாமார் பலருக்குக் கடல் என்றால் பீரங்கிப் படகு. பிறகு 2004 டிசம்பர் 26. நிலாவெளிக் கரையை அலை வழித்துப் போட்ட நாள். பிறகு 2009, முள்ளிவாய்க்கால், அதுவும் ஒரு கடற்கரை. எங்கட வீடுகளில் "பிள்ளையை நீச்சலுக்கு விடுவம்" எண்டு யாரும் இலகுவாகச் சொல்லாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. மலையகத்தில் இருந்து கொட்டாஞ்சேனைக்கு வந்த குடும்பங்களுக்கு இது வேறு மாதிரி. அவர்களுடைய கதையில் கடல் ஒரே ஒரு தரம், இராமேஸ்வரத்தில் இருந்து தலைமன்னாருக்குக் கடந்துவந்த தண்ணீராக மட்டும் வருகிறது.

இப்போது புறாமலைக்கு வருவோம். இரண்டு தீவு அது, பெரிசு ஒன்றும் சின்னது ஒன்றும். பெரிய தீவு 200 மீற்றர் நீளம், 100 மீற்றர் அகலம். நடந்து பார்க்கப் பத்து நிமிசம் போதும். மாடப்புறாக்கள் பாறை இடுக்கில் கூடு கட்டுகிற இடம், பெயர் அதால் வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் அந்த இடத்தைச் சூட்டுப் பயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள். 1963ல் சரணாலயம் ஆக்கினார்கள். பிறகு நாற்பது வருசம் கழித்து, 2003ல், சுற்றியிருக்கிற கடலையும் சேர்த்து 471 ஹெக்டயர் தேசியப் பூங்கா, இலங்கையின் 17ஆவது. திருகோணமலைக் கடலில் பதிவான ஏறத்தாழ 100 வகை முருகைகளில் பலதும், 300 வகை மீன்களில் பலதும் இங்கே உண்டு. 1998ல் கடல் சூடேறி மேற்கு, தெற்குக் கரையின் முருகைகள் வெளுத்துச் செத்தபோது, புறாமலை தப்பிவிட்டது.

அதைத் தப்பினது, மனிசரை எந்தளவுக்குத் தப்பும் எண்டு சொல்ல முடியாது. போர் முடிந்த பிறகு கூட்டம் கூட்டமாகச் சனம் வரத் தொடங்கியது. நீந்தத் தெரியாதவர்கள் இடுப்பளவு தண்ணீரில் முருகைக்கல்லில் ஏறி நின்று படம் எடுத்தார்கள். முருகை கல் மாதிரி இருந்தாலும் உயிருள்ளது, கிளை முருகை வருசத்துக்குச் சில சென்ரிமீற்றர்தான் வளரும், ஒரு காலடியில் பல வருச வளர்ச்சி நொறுங்கிவிடும். சரணாலயச் சட்டம் நல்லது, காவல் இருக்கு. நாங்கள் சபாவைப் பார்த்துப் பொறாமைப்பட்டது இந்த இடத்தில்தான். அங்கே சுழியோடுகிறவர் உள்ளூர் நிறுவனம் ஒன்றோடுதான் இறங்கவேணும். கடலில் ஒரு பகுதியில் மீன்பிடி தடை, இன்னொரு பகுதியில் அனுமதி. தீவுக்காரரின் தூண்டிலுக்கும் வரைபடத்தில் இடம் விட்டுத்தான் கோடு போட்டார்கள். இங்கே தேசியப் பூங்கா எண்டால் எல்லைக்குள் மீன்பிடி இல்லை, அவ்வளவுதான். கரைவலை இழுத்த நிலாவெளிக்காரர் இப்போது எங்களைப் படகில் ஏற்றிப் போகிறார், ஆறு மாதம். மற்ற ஆறு மாதம் வாடைக் காற்று. பூங்காவின் நுழைவுக் கட்டணம் கொழும்புத் திறைசேரிப் பக்கம் போகிறது. முத்துக்குளிப்புக் காலத்தில் மூன்றில் ஒரு குவியலாவது சுழியோடிக்குக் கிடைத்தது எண்டு எங்களில் ஒருத்தர் சொன்னார். மிகைதான், ஆனால் மறுத்துப் பேச ஒருத்தருக்கும் உடனே வரவில்லை.

காவலே வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லவில்லை. காவல் இல்லாத இடங்களில் முருகையைத் தோண்டிச் சுண்ணாம்புச் சூளையில் போட்ட கதை தெற்குக் கரையில் நடந்தது. புறாமலையில் மீனும் சுறாவும் மிச்சமிருப்பதே 1963ம் 2003ம் இருந்தபடியால்தான். காவல் காக்கிறவர்களின் வரிசையில் நிலாவெளிக்காரர் எங்கே நிற்கிறார் எண்டதுதான் எங்கட கேள்வி. வழிகாட்டியாக, பயிற்றுநராக, கடலைக் கணக்கெடுக்கிறவராக அந்த ஊர்ப் பிள்ளைகள் வரவேணும். சிலர் வந்தும் இருக்கிறார்கள். திருகோணமலைக் கரையில் தமிழிலேயே சைகை சொல்லிக்கொடுக்கிற பயிற்றுநரைத் தேடித்தான் இந்த முறை பதிவு செய்யப் போகிறோம். கட்டைவிரலை மேலே காட்டினால் 'நல்லம்' இல்லை, 'மேலே போவம்' எண்டு அர்த்தம். இதைத் தெரியாமல் இறங்கினால் கீழே நல்ல பகிடியாக இருக்கும்.

திட்டம் இதுதான். ஜூலை, பள்ளிக்கூட விடுமுறைக்கு முன்னம், ஒரு வார நாளில். வார இறுதியில் புறாமலையில் கால் வைக்க இடமிருக்காது. காலை முதல் படகு, அப்போதுதான் தண்ணீர் தெளிவு. வெயில் பூச்சுப் பூசாமல் நீளக்கைச் சட்டை போடுங்கள், பூச்சில் இருக்கிற சில இரசாயனங்கள் முருகைக்கு ஆகாது. அதற்கு முதல் எல்லாருக்கும் நீச்சல்; நீந்தத் தெரியாத எட்டுப் பேரும் சனிக்கிழமை காலையில் தண்ணீருக்குள் நிற்கவேணும், அக்காமாருக்கும் அம்மாமாருக்கும் தனி நேரம் கேட்டு வைத்திருக்கிறோம். ஆஸ்துமா, காது, நெஞ்சு வருத்தம் இருப்பவர்கள் முதலில் டொக்டரிடம் காட்டவும். திரும்பும்போது திருகோணமலையில் இருந்து விமானத்தில் வர நினைப்பவர்கள் (அப்படி யாரும் எங்களிடம் இல்லை) கடைசியாக இறங்கி 18 மணித்தியாலம் பொறுக்கவேணும். ரயிலுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. முதல் நாள் பின்னேரம் சுவாமி மலை விளிம்பில் நின்று கீழே பார்ப்பது. இரண்டாம் நாள் புறாமலை. மூன்றாம் நாளுக்கு ஒன்றும் போடவில்லை. நிலாவெளிக் கரையில் பழைய சுழியோடி ஐயா யாராவது கதைக்கச் சம்மதித்தால், அவருடைய பெயரைக் கேட்டு, அவர் விரும்பினால் மட்டும், எழுதி வைப்பம்.